அஞ்சு வருஷம்னு சொல்லித்தானே எங்கள கூப்பிட்டீங்க? பிரிட்டன் உள்துறை அமைச்சருக்கு ஒரு கேர் ஒர்க்கரோட திறந்த மடல்

பிரிட்டன் உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

மேடம், நான் 2023 ஆகஸ்ட்ல ஹெல்த் அண்ட் கேர் விசாவுல இந்த நாட்டுக்கு வந்தவ. ஊர் திருநெல்வேலி பக்கம். ஜிஎன்எம் நர்சிங் முடிச்சு பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு, இப்போ கோவென்ட்ரி பக்கத்துல ஒரு கேர் ஹோம்ல கேர் ஒர்க்கரா இருக்கேன். 2025 நவம்பர் 20ஆம் தேதி நீங்க பார்லிமென்ட்ல அறிவிச்ச ஐஎல்ஆர், அதாவது இங்க நிரந்தரமா தங்கறதுக்கான அனுமதி, அதோட விதி மாற்றத்த பத்தித்தான் இந்த மடல். கருத்து கேட்கறதுக்கு 2026 பிப்ரவரி 12 வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க, ஆன்லைன் ஃபார்ம்ல என் பதில போட்டுட்டேன், ஆனா சொல்ல வேண்டியது அதுக்குள்ள அடங்கல. தமிழ்ல எழுதறதுக்கு காரணம், என்ன மாதிரியே இருக்கற நூத்துக்கணக்கான பேரு இத படிச்சிட்டு அவங்களும் பதில் போடணும்ங்கறது தான்.

அன்னைக்கு நைட் ஷிஃப்ட்டுக்கு கிளம்பிட்டு இருந்தேன், வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தி வாய்ஸ் நோட் போட்டா, அழுதுகிட்டே, "அக்கா பதினஞ்சு வருஷமாம்"னு. நான் நம்பல. வதந்தின்னு நெனச்சேன், ஏன்னா எங்க குரூப்ல வாரத்துக்கு ஒரு வதந்தி வரும். பஸ்ல போகும்போது உங்க துறையோட வெப்சைட்லயே போய் படிச்சேன். எல்லாருக்கும் பொதுவா அஞ்சு வருஷம் பத்தாகுது, டிகிரி லெவலுக்கு கீழ இருக்கற வேலைன்னு நீங்க வகைப்படுத்தி இருக்கறவங்களுக்கு, அதாவது எங்களுக்கு, பதினஞ்சு. புதுசா வரப்போறவங்களுக்கு மட்டும் இல்ல, ஏற்கனவே இங்க இருந்து ரெண்டு வருஷம் மூணு வருஷம் நாலு வருஷம் ஓட்டினவங்களுக்கும் சேர்த்துத்தான்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல என்னால படிக்க முடியல, ஸ்டாப் வந்துருச்சு, இறங்கி வேலைக்கு போயிட்டேன்.

நாங்க எப்படி இங்க வந்தோம்ங்கறத முதல்ல ஒழுங்கா சொல்லிடறேன், ஏன்னா இப்போ பேசறத எல்லாம் கேட்டா நாங்க என்னமோ கதவ தள்ளிக்கிட்டு உள்ள வந்த மாதிரி இருக்கு. 2022 பிப்ரவரி 15ஆம் தேதி கேர் ஒர்க்கர் வேலைய ஆள் பற்றாக்குறை பட்டியல்ல சேர்த்தது இந்த நாட்டு அரசாங்கம் தான். உங்க கட்சி இல்ல, அப்போ வேற ஆட்சின்னு நீங்க சொல்லலாம், ஆனா விசா ஸ்டிக்கர்ல கட்சி பேரு இருக்காது மேடம், நாட்டு பேருதான் இருக்கும். அந்த வருஷம் இங்கிலாந்துல மட்டும் கேர் துறையில 1,65,000 வேலை காலியா கெடந்துச்சுன்னு ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்போட கணக்கு சொல்லுது. கோவிட்ல களைச்சு போய் ஆளுங்க வேலைய விட்டுட்டு போயிட்டாங்க, பிரெக்சிட்டுக்கு அப்புறம் ஐரோப்பாவுல இருந்து ஆள் வரல, ஆஸ்பத்திரியில வயசானவங்க குணமாகியும் வீட்டுக்கு அனுப்ப முடியாம பெட்ல கெடந்தாங்க, ஏன்னா வீட்டுல பார்த்துக்க கேரர் இல்ல. அப்பத்தான் எங்கள கூப்பிட்டீங்க. உங்க வெப்சைட்லயே எழுதி இருந்துச்சு, அஞ்சு வருஷம் ஆனா செட்டில்மென்டுக்கு, அதாவது அதே நிரந்தர அனுமதிக்கு, அப்ளை பண்ணலாம்னு. நானும் என் வீட்டுக்காரரும் அந்த பக்கத்த ராத்திரி உக்காந்து ஒரு பத்து தடவையாவது படிச்சிருப்போம். அத நம்பித்தான் நகைய வச்சோம்.

எவ்வளவுன்னா 14 லட்ச ரூபாய். ஏஜென்ட் கிட்ட குடுத்தது. என் தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக்கு போச்சு, மாமனார் பேர்ல இருந்த 40 சென்ட் நிலம் போச்சு. கம்பெனி எங்கள வேலைக்கு எடுக்குதுன்னு காட்டற சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்புக்கு (சிஓஎஸ்) பணம் வாங்கறது தப்புன்னு இப்போ தெரியும், அப்போ தெரியாது, ஊர்ல எல்லாரும் குடுத்துத்தான் வந்தாங்க. சிஓஎஸ்ல என்ன போட்டிருந்துச்சுன்னா வாரத்துக்கு 37.5 மணி நேரம், மணிக்கு 10.75 பவுண்டு, வருஷத்துக்கு 20,960 பவுண்டு. அந்த பேப்பர இன்னைக்கும் வச்சிருக்கேன்.

வந்து இறங்கி மூணு வாரம் வேலையே இல்ல. ட்ரெயினிங் நடக்கும், டிபிஎஸ்ங்கற குற்றப்பின்னணி சோதனை ரிசல்ட் வரணும்னு சொன்னாங்க. அப்புறம் குடுத்தது வாரத்துக்கு 12 மணி நேரம், சில வாரம் 15. வீடு வீடா போற டொமிசிலியரி வேலை. காலையில ஆறு மணிக்கு வாசல்ல இருக்கற சாவிப்பெட்டியில நம்பர் போட்டு சாவி எடுத்து ஒரு வீட்டுக்குள்ள போகணும், அரை மணி நேரத்துல அவங்கள எழுப்பி, பேட் மாத்தி, உடம்ப தொடச்சு, மாத்திரை குடுத்து மாத்திரை குடுத்த கணக்கு எழுதற எம்ஏஆர் சார்ட்ல கையெழுத்து போட்டு, டீயும் டோஸ்ட்டும் வச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும், நடுவுல நடக்கற நேரத்துக்கும் பஸ்ல போற நேரத்துக்கும் சம்பளம் கெடையாது. காலையில ஆறு மணிக்கு வெளிய போய் ராத்திரி பத்து மணிக்கு வருவேன், சம்பள கணக்குல நாலு மணி நேரம்னு வரும். ஆறு பேரு ஒரே வீட்டுல, ரெண்டு பேருக்கு ஒரு ரூம், அதுக்கும் கம்பெனியே வாடகைய சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. எல்லாம் போக ஒரு மாசம் எனக்கு கைக்கு வந்தது 310 பவுண்டு.

ஏன் கம்ப்ளைன்ட் பண்ணலன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்களும் கேப்பீங்க. இந்த மடல்ல நீங்க ஒரே ஒரு பத்திதான் படிக்க நேரம் இருக்குன்னா இத படிங்க மேடம். என் விசா எனக்கு குடுத்த விசா இல்ல, அந்த கம்பெனியோட கட்டி வச்சிருக்கற விசா. நான் போய் கம்பெனி ஏமாத்துதுன்னு சொன்னா, விசாரிப்பீங்க, உண்மைன்னு தெரிஞ்சா வெளிநாட்டு ஆளுங்கள வேலைக்கு எடுக்கறதுக்கு அவங்களுக்கு இருக்கற ஸ்பான்சர் லைசென்ஸ ரத்து பண்ணுவீங்க, அது சரிதான், ஆனா லைசென்ஸ் போனதும் என் ஸ்பான்சர்ஷிப்பும் சேர்ந்து போயிடும், 60 நாளுக்குள்ள வேற ஸ்பான்சர் கண்டுபிடிக்கணும் இல்லன்னா நாட்ட விட்டு போகணும். தப்பு பண்ணது அவங்க, பெட்டிய கட்ட வேண்டியது நான். ஷிஃப்ட் பட்டியல் போடற பையன் எங்க முகத்துக்கு நேராவே சொல்லுவான், "போய் சொல்லு, முதல்ல நீதான் போவ". அவன் சொன்னது பொய் இல்ல, அதுதான் சட்டம். அப்போ யாரு வாய தெறப்பா?

நான் சொல்லல. வேற யாரோ சொல்லிட்டாங்க. 2024 மே மாசம் கம்பெனி லைசென்ஸ் போயிடுச்சு. அப்போ என் வீட்டுக்காரரும் பொண்ணும் வந்து நாலு மாசம் தான் ஆகியிருந்துச்சு, 2024 மார்ச் 11க்கு அப்புறம் வர்ற கேர் ஒர்க்கருங்க குடும்பத்த கூட்டிட்டு வரக்கூடாதுன்னு விதி வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் இன்னொரு கடன வாங்கி ஜனவரியிலயே கூட்டிட்டு வந்துட்டேன். பொண்ணுக்கு அப்போ பத்து வயசு. இயர் ஃபைவ்ல சேர்த்தோம். முதல் ரெண்டு மாசம் ஸ்கூல்ல யார்கிட்டயும் பேசல, மூணாவது மாசம் ஒரு போலந்து பொண்ணு ஃப்ரெண்ட் ஆச்சு, நாலாவது மாசம் எனக்கு 60 நாள் லெட்டர் வந்துச்சு.

அந்த 60 நாள எப்படி சொல்றதுன்னு தெரியல. நான் ஒரு நோட்டுல எழுதி வச்சேன், எந்த கம்பெனிக்கு என்னைக்கு அப்ளை பண்ணேன், என்ன பதில்னு. 217 இடம். பாதிக்கு மேல பதிலே இல்ல. பதில் வந்ததுல முக்கால்வாசி ரெண்டே கேள்விதான், சொந்த கார் இருக்கா, யூகே டிரைவிங் லைசென்ஸ் இருக்கா. பஸ் டிக்கெட்டுக்கே எண்ணி எண்ணி செலவு பண்றவ கார் எங்க போய் வாங்குவா. மூணு பேரு நேராவே விலை சொன்னாங்க, புது சிஓஎஸ்க்கு 6,000, 7,000, ஒருத்தர் 9,000 பவுண்டு. அதுல ஒருத்தர் தமிழ் ஆளு, "தங்கச்சி உனக்காக கொறைச்சு சொல்றேன்"னாரு. வீட்டுக்காரரு வேர்ஹவுஸ்ல பெட்டி அடுக்கிட்டு இருந்தாரு, அந்த சம்பளத்துல தான் மூணு பேரு சாப்பிட்டோம். பொண்ணு ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து வந்து, அடுத்த வருஷம் ரெசிடென்ஷியல் ட்ரிப் போறாங்க பேர் குடுக்கவாம்மான்னு கேட்டா. பேர் குடுன்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. பார்க்கலாம்டான்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன்.

52ஆவது நாள் இப்போ இருக்கற கேர் ஹோம்ல எடுத்துக்கிட்டாங்க. பத்து காசு கேக்கல. நல்ல மேனேஜர், நல்ல இடம், கேர் ஹோம்கள சோதிக்கற சிக்யூசி அமைப்போட ரிப்போர்ட்லயும் நல்ல பேரு. அப்ளை பண்ணி உங்க துறை முடிவு வர்ற வரைக்கும் வேலை ஆரம்பிக்க முடியாது, அதனால இன்னும் அஞ்சு வாரம் சம்பளம் இல்லாம போச்சு. ஆனாலும் நான் கொடுத்து வச்சவ. என்னோட அதே வீட்டுல இருந்த ஆறு பேர்ல ரெண்டு பேரு ஊருக்கு திரும்பிட்டாங்க கடனோட, ஒருத்தி எங்க இருக்கான்னே தெரியல, போன் நம்பர் போக மாட்டேங்குது.

இது என் ஒருத்தி கதை இல்ல, உங்க துறையே வெளியிட்ட கணக்கு இருக்கு, 2022 ஜூலையில இருந்து 2024 டிசம்பர் வரைக்கும் கேர் துறையில 470க்கும் மேல ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்து, அந்த கம்பெனிங்களோட சம்பந்தப்பட்ட வேலையாளுங்க 39,000 பேருக்கும் மேல. ஒரு ஊர் அளவு ஜனங்க. அந்த லைசென்ஸ் எல்லாத்தையும் முதல்ல குடுத்ததும் அரசாங்கம் தான. திருநெல்வேலியில உக்காந்து இருந்த எனக்கு ஒரு கம்பெனி நெஜமா இல்லையான்னு பார்க்கறதுக்கு இருந்த ஒரே ஆதாரம், உங்க லைசென்ஸ் பட்டியல்ல அதோட பேரு இருக்கான்னு பார்க்கறது. பார்த்தேன். இருந்துச்சு.

இப்போ அந்த பதினஞ்சு வருஷத்துக்கு வர்றேன். 60 நாள்ங்கற கத்தி தலைக்கு மேல தொங்கறப்போ அஞ்சு வருஷம் தானேன்னு பல்ல கடிச்சிட்டு இருந்தோம், ஏன்னா அஞ்சு வருஷத்துல அது இறங்கிடும்னு தெரியும். 2028 ஆகஸ்ட்னு என் வீட்டு காலண்டர்ல இல்ல, மனசுல எழுதி வச்சிருக்கேன். அத 2038ன்னு மாத்தறீங்க. அதாவது இன்னும் பத்து வருஷம் கூடுதலா நான் ஒரு முதலாளியோட கையெழுத்துல வாழணும். இந்த கேர் ஹோம நாளைக்கு வேற யாராவது வாங்கினா, மூடினா, மேனேஜர் மாறினா, மறுபடியும் 60 நாள், மறுபடியும் 217 அப்ளிகேஷன். சுரண்டறவங்கள பிடிக்கிறோம், தொழிலாளர் உரிமைய காக்க ஃபேர் ஒர்க் ஏஜென்சி கொண்டு வர்றோம்னு உங்க அரசாங்கம் சொல்லுது, நல்ல விஷயம், மனசார வரவேற்கறேன். ஆனா ஒரு பக்கம் சுரண்டல பிடிக்க ஆபீஸ் தெறந்துட்டு இன்னொரு பக்கம் சுரண்டப்படறவங்க வாயத் தெறக்க முடியாத காலத்த மூணு மடங்கு ஆக்கினா அந்த ஆபீஸுக்கு யாரு வந்து சொல்லுவா? சுரண்டற கம்பெனிக்கு இதவிட பெரிய உதவி யாரும் பண்ண முடியாது.

இன்னொன்னு எனக்கு புரியவே இல்ல. 2025 மே மாசம் வந்த வெள்ளை அறிக்கையில வெளிநாட்டுல இருந்து கேர் ஒர்க்கர எடுக்கறத நிறுத்தறோம்னு சொன்னீங்க, ஜூலை 22ல இருந்து நிறுத்தியாச்சு. சரி, அது உங்க நாட்டு முடிவு, புது ஆள் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ற உரிமை உங்களுக்கு உண்டு, அதுல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா அதே அறிக்கையில, ஏற்கனவே இங்க இருக்கறவங்க விசா நீட்டிக்கறதுக்கும் உள்நாட்டுலயே மாறிக்கறதுக்கும் 2028 வரைக்கும் அனுமதி, அதையும் மறுபரிசீலனை பண்ணுவோம்னு எழுதி இருக்கு. ஒரு பேப்பர்ல 2028 வரைக்கும்தான் அனுமதி, இன்னொரு பேப்பர்ல பதினஞ்சு வருஷம் இருந்தாத்தான் செட்டில்மென்ட். என் இப்போதைய விசா 2027ல முடியுது. நான் எந்த பேப்பர நம்பி பொண்ண செகண்டரி ஸ்கூல்ல படிக்க வைக்கறது?

நிரந்தரமா தங்கறது உரிமை இல்ல, அது ஒரு சலுகை, சம்பாதிச்சுத்தான் வாங்கணும்னு பார்லிமென்ட்ல சொன்னீங்க. ஒத்துக்கறேன். சம்பாதிக்கற வழின்னு நீங்க போட்டிருக்கற பட்டியலையும் படிச்சேன். மூணு வருஷம் தொடர்ந்து 50,270 பவுண்டு வருமானம் இருந்தா அஞ்சு வருஷம் கழிவு, 1,25,140 பவுண்டு இருந்தா ஏழு வருஷம் கழிவு. என் சம்பளம் மணிக்கு 12.82, வருஷத்துக்கு 25,000. கேர் ஒர்க்கர் விசாவுக்கு அதுதான் குறைஞ்சபட்சம்னு போட்டது நீங்க, அதுக்கு மேல நிறைய ஹோம் குடுக்கறதில்ல, ஏன்னா உள்ளாட்சி கவுன்சில் அவங்களுக்கு குடுக்கற காசே அவ்வளவுதான். அந்த 50,270ஐ நான் தொடணும்னா வாரத்துக்கு 75 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யணும், வருஷம் பூரா, லீவே இல்லாம. நாங்க சோம்பேறின்னா இந்த கணக்க ஏத்துக்கலாம். நாங்க செய்யற வேலைக்கு இந்த நாடு வச்சிருக்கற விலை கம்மி, அந்த கம்மி விலைய காரணமா காட்டி எங்க பங்களிப்பும் கம்மின்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

பங்களிப்புன்னா என்னன்னு ஒரு ராத்திரிய மட்டும் சொல்றேன். போன டிசம்பர். எங்க ஹோம்ல ஒரு அம்மா, 94 வயசு, டிமென்ஷியா, வாழ்நாள் பூரா போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க, அதனால எங்க கையில எந்த பேப்பர பார்த்தாலும் வாங்கி ஒழுங்கா அடுக்கி வைப்பாங்க. கடைசி ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல, வாய மட்டும் ஈரப்பஞ்சுல தொடச்சு விட்டுட்டு இருந்தோம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைக்கணும், முதுகுல புண் வந்துடக்கூடாது. பையன் ஸ்காட்லாந்துல இருந்து கார்ல வந்துட்டு இருக்காரு, பனி, ரோடு மெதுவா போகுது. ராத்திரி மூணு மணிக்கு மூச்சு மாறுச்சு. அந்த சத்தம் எனக்கு தெரியும், 2021 மே மாசம் ஊர்ல கோவிட் வார்டுல ஆக்சிஜன் இல்லாத ராத்திரிங்கள்ல கேட்டிருக்கேன். நானும் என்னோட நைட் பார்க்கற ஜிம்பாப்வே அக்காவும் ரெண்டு பக்கமும் உக்காந்து ஆளுக்கு ஒரு கைய பிடிச்சுக்கிட்டோம். எனக்கு என்ன பாடறதுன்னு தெரியல, எங்க ஆச்சி சாவுல பாடினத மெதுவா பாடினேன். மூச்சு நின்னதும் அந்த அக்கா எந்திரிச்சு போய் ஜன்னல கொஞ்சம் தெறந்து வச்சா, இங்க அப்படி ஒரு பழக்கம், உயிரு போறதுக்கு வழி விடறதாம். அஞ்சரை மணிக்கு பையன் வந்தாரு. அம்மா தனியா இருந்தாங்களான்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. இல்ல சார், நாங்க ரெண்டு பேரு இருந்தோம்னு சொன்னேன். அந்த மனுஷன் என் கைய பிடிச்சுக்கிட்டு நின்னது இப்பவும் கண்ணுல இருக்கு. உங்க பட்டியல்ல இந்த வேலை டிகிரி லெவலுக்கு கீழ.

என் பொண்ண பத்தியும் சொல்லணும். பழைய விதிப்படி 2028ல அவளுக்கு 14 வயசு இருக்கும். புது விதிப்படி 2038ல 24. நடுவுல அவளுக்கு 18 ஆகும், காலேஜ் போகணும், ஐஎல்ஆர் இல்லாத பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஓவர்சீஸ் ஃபீஸ் தான், ஸ்டூடன்ட் லோனும் கைக்கு வராது. 25,000 சம்பளத்துல அத எப்படி கட்டறது. 18 தாண்டினா அவ டிபெண்டன்ட்டா எங்களோட தொடர முடியுமா, தனியா முதல்ல இருந்து அவளுக்கு கணக்கு ஓடுமா, எதுவும் தெளிவா இல்ல. இப்போ அவ கனவுல கூட இங்கிலீஷ்ல தான் பேசறா. ஊருக்கு போனா தமிழ் எழுத்து கூட்டித்தான் படிக்கணும். பிரைமரி ஸ்கூல் வாசல்ல நின்னு அழுத பிள்ளைய நாலு வருஷத்துல சரியாயிடும் கண்ணுன்னு சொல்லி உள்ள அனுப்பினது நான். அந்த வார்த்தைய அவளுக்கு குடுத்தது நான்னாலும், எனக்கு குடுத்தது உங்க வெப்சைட் பக்கம்.

இது இந்த நாட்டுக்கு புதுசும் இல்ல. 2006ல இதே மாதிரி ஹைலி ஸ்கில்டு மைக்ரன்ட் ப்ரோக்ராம்ங்கற (எச்எஸ்எம்பி) அதிக திறமை உள்ளவங்களுக்கான விசா திட்டத்துல வந்தவங்களுக்கு நடுவுல விதிய மாத்தினாங்க, ஏப்ரல்ல செட்டில்மென்ட் காலத்த நாலுல இருந்து அஞ்சாக்கினாங்க, நவம்பர்ல பாயின்ட் கணக்கையே மாத்தினாங்க. அவங்க எச்எஸ்எம்பி ஃபோரம்னு சேர்ந்து கோர்ட்டுக்கு போனாங்க, நிறைய இந்தியர்கள் அதுல. 2008 ஏப்ரல்லயும் 2009 ஏப்ரல்லயும் ஹைகோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, ஒரு திட்டத்த நம்பி உள்ள வந்தவங்களுக்கு அந்த திட்டத்தோட பழைய நிபந்தனை தான் பொருந்தும்னு. அது நாலு அஞ்சான விஷயம் மேடம், ஒரே ஒரு வருஷம். இது அஞ்சு பதினஞ்சாகற விஷயம். அவங்க கிட்ட வக்கீல் வைக்க காசு இருந்துச்சு. எங்க கிட்ட இல்ல, அதனாலயே எங்களுக்கு நியாயம் வேறன்னு ஆயிடக்கூடாது.

எங்கள சுமைன்னு பேசறவங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்க விசாவுலயே பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசாங்க உதவித்தொகை, கெடையாதுன்னு போட்டிருக்கு, 310 பவுண்டு சம்பளம் வந்த மாசம் கூட நான் ஒரு பைசா அரசாங்கத்துகிட்ட கேக்கல, கேக்கவும் முடியாது. வரி கட்டறேன், நேஷனல் இன்சூரன்ஸ் கட்டறேன். 2026 ஜனவரி கணக்குக்கு ஐஎல்ஆர் அப்ளிகேஷன் ஒரு ஆளுக்கு 3,029 பவுண்டு, மூணு பேருக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல, அதுக்கு மாசம் 150 எடுத்து வச்சிட்டு வர்றோம், நகைய இன்னும் மீட்கல.

இப்போ நான் கேக்கறது என்னன்னு நேரடியா சொல்லிடறேன். முதல் விஷயம், இதுதான் எல்லாத்துக்கும் மேல, ஹெல்த் அண்ட் கேர் விசாவுல ஏற்கனவே இங்க வந்துட்ட எல்லாருக்கும் பழைய அஞ்சு வருஷ விதியே பொருந்தும்னு அறிவிங்க. புதுசா வர்றவங்களுக்கு நீங்க பத்தோ பதினஞ்சோ வச்சுக்கோங்க, அவங்க தெரிஞ்சு வருவாங்க, நாங்க அப்படி தெரிஞ்சு வரல. உங்க கணக்குப்படியே 2022ல இருந்து 2024 வரைக்கும் இந்த விசாவுல குடும்பத்தோட சேர்த்து வந்தவங்க 6 லட்சத்துக்கும் மேல, அத்தன பேர் வாழ்க்கையில நடுவுல கை வைக்காதீங்க.

அந்த 60 நாள ஆறு மாசமாக்குங்க. கம்பெனி தப்பால லைசென்ஸ் போயிருந்தா அந்த ஆறு மாசத்துல வேற எந்த சிக்யூசி பதிவு பண்ண கேர் ஹோம்லயும் உடனே வேலை செய்ய அனுமதி குடுங்க, முடிவு வர்ற வரைக்கும் பட்டினி போடாதீங்க. அந்த இடைவெளியால ஐஎல்ஆருக்கு எண்ணற எங்க தொடர்ச்சியான வருஷ கணக்கு உடையாதுன்னும் எழுதுங்க.

விசாவ ஒரு முதலாளியோட கட்டாம கேர் துறையோட கட்டுங்க. யூனிசன் தொழிற்சங்கம் இதத்தான் கேட்டுட்டு வர்றாங்க. நாங்க கேர் வேலைய விட்டு ஓடிட மாட்டோம், கெட்ட முதலாளிய விட்டு நல்ல முதலாளிகிட்ட போக வழி இருந்தா போதும், பாதி சுரண்டல் தானா நின்னுடும், உங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் செலவும் மிச்சம்.

புகார் குடுக்கறவங்களோட விசாவ அந்த விசாரணை முடியற வரைக்கும் தொடக்கூடாதுன்னு விதி போடுங்க. ஏஜென்டுக்கும் கம்பெனிக்கும் குடுத்த பணத்த திரும்ப வாங்க ஒரு வழி வேணும், வாங்கினவன் லைசென்ஸ் போறதோட முடிஞ்சிடுது, குடுத்தவ கடன் முடியல.

2028க்கு அப்புறம் இங்க இருக்கற கேர் ஒர்க்கருங்களோட விசா நீட்டிப்பு தொடருமா தொடராதான்னு இப்பவே தெளிவா சொல்லுங்க. பெத்தவங்களோட வந்த பிள்ளைங்களுக்கு, காத்திருக்கற காலத்துல 18 வயசு தாண்டினாலும் குடும்பத்தோட சேர்த்தே செட்டில்மென்ட்னு உறுதி குடுங்க, படிப்புக்கு உள்நாட்டு மாணவர்களுக்கான ஹோம் ஃபீஸே வாங்குங்க.

இத படிக்கற கேரர் அக்கா தங்கச்சி அண்ணன் தம்பிங்களுக்கும் ஒன்னு கேட்டுக்கறேன், பிப்ரவரி 12க்கு முன்னாடி அந்த ஃபார்ம்ல உங்க பதில போட்டுடுங்க, உங்க தொகுதி எம்பிக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்க, உங்க ஹோம் மேனேஜரையும் ரெசிடென்ட்டோட குடும்பத்தையும் எழுத சொல்லுங்க. பயமா இருந்தா பேர் போடாம எழுதுங்க, நானும் அப்படித்தான் எழுதி இருக்கேன்.

மேடம், கருத்தெல்லாம் கேட்டு முடிச்சு நீங்க கடைசி முடிவ எழுதும்போது, ஏற்கனவே இங்க இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு பத்தி எழுதுங்க. அதுல பழைய நிபந்தனை பொருந்தும்னு போடுங்க. பொருந்தாதுன்னா ஏன் பொருந்தாதுன்னு காரணத்தையாவது எங்களுக்கு எழுத்துல குடுங்க.

இப்படிக்கு,
கோவென்ட்ரி பக்கத்துல நைட் ஷிஃப்ட் பார்க்கற ஒரு கேர் ஒர்க்கர்
2026 ஜனவரி